பினாங்கிலிருந்து வருவிக்கும் ஏழாம் மாதப் படையல் பொதி: இரண்டையும் பாவித்துப் பார்த்ததில்

சீனர் தங்கள் ஏழாம் மாதத்தில் இறந்தவர்களுக்குப் படைக்கிற சாமான் பொதியில் சின்னதை வாங்குங்கள். பெரியதற்குக் காசைக் கொட்ட வேண்டாம். வாசிக்க நேரமில்லாதவர்களுக்கு இவ்வளவு போதும். நேரமிருக்கிறவர்களுக்கு, ஏன் அப்படிச் சொல்கிறேன், பொதிக்குள் இருக்கிற சாமான் எதெது எதற்கு என்பதையும் எழுதுகிறேன். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மலேசியா, சிங்கப்பூர் என்று வேலைக்குப் போய், சீனக் குடும்பத்தில் சம்பந்தம் செய்த பிள்ளைகள் இருக்கிற வீடுகள் என்னுடையதைப் போல் இன்னும் இருக்கும். அந்த வீட்டு மாமிமாருக்கு இது உதவட்டும்.

என் மருமகள் பினாங்கு ஜோர்ஜ் டவுனில் பிறந்து வளர்ந்த ஹொக்கியன் சீனப் பெண். மகன் அங்கே வேலைக்குப் போன இடத்தில் கலியாணம் முடித்தான். 2024 இல் கைக்குழந்தையோடு மட்டக்களப்புக் கல்லடிக்கு வந்து எங்களோடு இருக்கத் தொடங்கினார்கள். அதற்கு முந்திய வருடம்தான் அவளுடைய தாய் காலமானார். ஆடி மாதம் நெருங்க நெருங்கப் பிள்ளையின் முகம் சரியில்லை. விசாரித்தபோது, "மாமி, எங்கட ஏழாம் மாசம் வருது. அம்மாக்கு நான் ஒண்டும் வெக்கல்ல எண்டா அவ என்ன சாப்பிடுவா?" என்று கேட்டாள். அதைக் கேட்டபிறகு சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை. இதற்கான சாமான் மட்டக்களப்பு பஜாரில் கிடைக்காது. கொழும்பில் தேடலாம் என்று மகன் சொன்னான். கடைசியில் மருமகளின் தம்பி, ஜோர்ஜ் டவுனில் இந்தச் சாமான்களை மட்டுமே விற்கிற ஒரு கடையைச் சொன்னார். படம் பார்த்து ஓடர் பண்ணலாம், பார்சலில் அனுப்புவார்கள்.

சீனருடைய சந்திரக் கணக்கில் ஏழாம் மாதம் முழுவதும் இறந்தவர்களுக்கு உரியது. முதலாம் நாள் பாதாளக் கதவு திறக்கும், மாதம் முடியும்போது மூடும். இடையில் வருகிற பதினைந்தாம் நாள்தான் பெரிய படையல். தாவோ வழியில் அது பாவங்களை மன்னிக்கிற பூமித் தேவருடைய நாள். பௌத்தர்களுக்கு அதற்கு ஒரு கதை இருக்கிறது. புத்தருடைய தலைமைச் சீடர் இருவரில் ஒருவரான மொக்கல்லானர், செத்துப்போன தன் தாயைத் தேடிப் போகிறார். அந்தத் தாய் பசித்த பேயாய்ப் பிறந்து கிடக்கிறாள். தொண்டை ஊசித் துவாரம் அளவு. மகன் கொண்டுபோன சோறு வாய்க்குக் கிட்டப் போனதும் நெருப்புத் தணலாகிவிடுகிறது. ஏழாம் மாதம் பதினைந்தாம் நாள் சங்கத்தாருக்குத் தானம் கொடுத்தால் அவளுக்கு விமோசனம் கிடைக்கும் என்று புத்தர் வழி சொல்கிறார். மருமகள் இதைத் தன் அரைகுறைத் தமிழில் சொல்லி முடித்தபோது, அவளுடைய தவிப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்கு விளங்கியது.

அந்த 2024 இல் ஆடி அமாவாசை ஓகஸ்ட் 4. சீனருடைய ஏழாம் மாதம் பிறந்ததும் அதே ஓகஸ்ட் 4. மகன் அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்தில் தகப்பனுக்காக முழுகி வந்து விரதச் சோறு சாப்பிட்ட அன்றைக்கே மருமகளுடைய கணக்கில் கதவு திறந்துவிட்டது. அதைச் சும்மா தற்செயல் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை.

இனிப் பொதிக்கு வருகிறேன். பெரியது 128 ரிங்கிட், சின்னது 38 ரிங்கிட். அனுப்புகிற செலவு வேறு. சின்னப் பொதிக்கு அது பொதியின் விலையையும் தாண்டிவிடும். முதல் வருடம் பெரியதை எடுத்தோம். தாய் இறந்து வருகிற முதல் படையல், குறைவாய் இருக்கக் கூடாது என்று மகன் நினைத்தான். பெட்டிக்குள் கடதாசியில் செய்த இரண்டு மாடி வீடு, கார், இரண்டு வேலைக்காரர்கள், கைபேசி, மணிக்கூடு, நகைப்பெட்டி எல்லாம் இருந்தன. வீட்டைத் தட்டையாய் மடித்து அனுப்பியிருந்தார்கள். பசை போட்டு நாங்களே நிமிர்த்த வேண்டும். வழியில் நசுங்கியதில் ஒரு சுவர் நிற்க மாட்டேன் என்றது. மகனும் மருமகளும் இரவிரவாய் உட்கார்ந்து மூங்கில் ஈர்க்கு வைத்துக் கட்டினார்கள். எல்லாம் முடிந்தபிறகு மருமகள் அந்தக் காரைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அம்மாக்குக் கார் ஓட்டத் தெரியாது மாமி. பஸ்சிலதான் போவா" என்றாள். அந்தப் பெட்டியை நிரப்பினவருக்கு அவளுடைய தாயைத் தெரியாது. பெரிய பொதி வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். இரண்டாவது காரணம், அவ்வளவு கடதாசியைக் கச்சான் என்கிற அனல்காற்றுக் காலத்தில் எரிப்பது லேசான வேலை இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

சின்னப் பொதியில் தேவையானது எல்லாம் இருக்கிறது, தேவையில்லாதது இல்லை. தங்கத்தாள் ஒரு கட்டு, வெள்ளித்தாள் ஒரு கட்டு. முரட்டுக் கடதாசியின் நடுவில் சதுரமாய் மினுக்கத் தகடு ஒட்டியிருக்கும். தங்கம் தெய்வங்களுக்கு, வெள்ளி முன்னோருக்கும் மற்ற ஆவிகளுக்கும் என்பது பொது வழக்கம். குடும்பத்துக்குக் குடும்பம் கொஞ்சம் மாறும். மருமகள் வீட்டில் தாய்க்கு இரண்டும் வைப்பார்கள். அப்புறம் பாதாள வங்கி நோட்டுக் கட்டு. ஒரு பக்கத்தில் மேலுலகப் பேரரசரின் முகம், தொகையில் பூச்சியங்கள் வரிசையாய் ஓடும். கையெழுத்துப் போட்டிருப்பவர்களில் ஒருவர் பாதாளத்து அரசர், பௌத்தத்தோடு சீனாவுக்குப் போன நம்முடைய எமதர்மராசன்தான். பெண்ணுக்குரிய கடதாசி உடுப்பு ஒரு சோடி, சிவப்பு மெழுகுதிரி ஒரு சோடி, சிவப்புக் காம்பு வைத்த ஊதுபத்தி, வெளியே வைக்கிற படையலுக்கென்று தனியாய் ஒரு கட்டுத் தாள், கடைசியாய் ஒரு கடதாசிப் பெட்டகம்.

தாளை அப்படியே எரிக்கலாம், ஆனால் மடித்து எரிப்பதுதான் மரியாதை. நடுவில் தகடு தெரிகிற மாதிரிச் சுருட்டி, இரண்டு முனையையும் உள்ளே தள்ளி விரித்தால் சின்ன வள்ளம் மாதிரி நிற்கும். பழைய காலத்துச் சீனத் தங்கக் கட்டியின் வடிவம் அது. என் விரல் தையல் வேலைக்குப் பழகின விரல், கெதியாய்ப் பிடிபட்டது. பின்னேரத்தில் குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு நானும் அவளும் விறாந்தையில் இருந்து மடிப்போம். மடிக்கும்போது அவள் தாயைப் பற்றிச் சொல்லுவாள்: காலையில் சந்தைக்குப் போய் வரும்போது கையில் என்ன இருக்கும், எந்தக் கறிக்கு என்ன போடமாட்டார், யாரோடு கோபம், யாரோடு ஒட்டு. சம்பந்தி அம்மாவை நான் நேரில் கண்டதில்லை. அவரை எனக்குப் பழக்கிவிட்டது அந்த வெள்ளித்தாள் கட்டுதான். மடித்து முடித்ததையே விற்கிறார்கள், கொஞ்சம் கூடக் காசு. எடுக்காதீர்கள்.

கடதாசிப் பெட்டகத்துக்காகவே இந்தப் பொதிக்கு நான் நல்ல மதிப்பெண் கொடுப்பேன். சிவப்பும் மஞ்சளுமாய்ப் பூப்போட்ட பெட்டி, ஒரு பெரிய சப்பாத்துப் பெட்டி அளவு. மடித்த கட்டிகள், நோட்டு, உடுப்பு எல்லாவற்றையும் அதற்குள் அடுக்கி மூட வேண்டும். மேலே ஒட்டுவதற்கு ஒரு தாள் தருகிறார்கள். அதில் பெறுகிறவரின் பெயர், அவருடைய பூர்வீக ஊர், அனுப்புகிறவர் யார், என்ன முறை, எந்த நாள் என்று எழுத இடம் விட்டிருக்கிறது. பிறகு இரண்டு நீளத் தாள்கள், அதில் நாள் எழுதிப் பெட்டியின் வாயில் குறுக்கும் மறுக்குமாய் ஒட்டி முத்திரை வைக்க வேண்டும். அப்படி ஒட்டினால் வழியில் வேறு ஆவிகள் உடைத்து எடுக்க மாட்டா. மருமகள் மேசையில் துணி விரித்து, கை கழுவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தாயின் பெயரை எழுதினாள். ஊர் என்ற இடத்தில் பினாங்கு என்று எழுதவில்லை. பாட்டன்மார் கப்பலேறி வந்த பூஜியன் மாகாணத்துக் கிராமத்தின் பெயரை எழுதினாள். அங்கே அவளும் போனதில்லை, அவளுடைய தாயும் போனதில்லை. அனுப்புகிறவர் இடத்தில் தன் பெயரை எழுதி, மகள் என்று முறை போட்டாள்.

அந்த முறையை எழுத அவளுக்குத் தயக்கம் இருந்ததை நான் கவனித்தேன். சீனப் பழைய வழக்கத்தில் முன்னோர் வழிபாடு ஆண்வழியில் போகிறது. கட்டிக்கொடுத்த பெண் புருஷன் வீட்டு முன்னோருக்குத்தான் படைக்க வேண்டும். தாய்தகப்பனுக்குப் படைக்கிற பொறுப்பு சகோதரனுக்கு. தாயின் பெயர் எழுதிய மரப்பலகையும் தம்பி வீட்டு மாடத்தில்தான் இருக்கிறது. புருஷன் வீட்டு முன்னோர் இருக்கிற கூரைக்குக் கீழே பிறந்த வீட்டு முன்னோரையும் கொண்டுவந்து வைப்பதைப் பல குடும்பங்களில் விரும்ப மாட்டார்கள். வைத்தாலும் இடையில் தடுப்பு வைப்பார்கள். மட்டக்களப்பில் பிறந்த எனக்கு இது புதுமையாய் இருந்தது. இங்கே வீடு வளவு பெண்பிள்ளைக்குச் சீதனமாய்ப் போகிறது, குடி என்கிற குலமும் தாய்வழியாய் வருகிறது. தாய்க்கு மகள் சோறு வைப்பதற்கு யாரிடம் உத்தரவு கேட்பது? நான் அதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். ஆனாலும் தம்பியிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டாள். அவர், இங்கே நான் வைக்கிறேன், அங்கே நீயும் வை, அம்மா இரண்டு இடத்திலும் சாப்பிடுவா என்று சொல்லிவிட்டார். என் பங்குக்கு நான் ஒன்று செய்தேன். சாமி அறைக்குள் என் வீட்டுக்காரருடைய படம் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் வைக்காமல், ஹோலில் வாசலைப் பார்த்தபடி ஒரு தனி மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, சம்பந்தி அம்மாவின் படத்தை வைத்தேன். அவருடைய வழக்கத்துக்கும் குறை இல்லை, எங்களுடையதற்கும் இல்லை.

சாப்பாடு பொதியில் வராது, வரவும் கூடாது. முன்னோருக்கு வைக்கிறது வீட்டுச் சாப்பாடு: சமைத்து, சோற்றோடு, சாப்பிடுகிற குச்சியோடு, ஆள் வந்து உட்கார்ந்தால் உண்ணுகிற மாதிரி இருக்க வேண்டும். தலையோடு அவித்த முழுக்கோழி ஒன்று வைத்தோம். பன்றி இறைச்சி எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை, அதற்குப் பதிலாய் அவித்த முட்டை. மீனுக்கு வாவிக் கொடுவா, தலையும் வாலும் இருக்க இஞ்சி போட்டு ஆவியில் அவித்தது. அவருக்குப் பிடித்த அரிசி நூடில்ஸ் பிரட்டல், தோடம்பழம், சின்னக் கோப்பையில் தேநீர். சாராயம் வைக்கிறதும் வழக்கம். நாங்கள் தேநீரோடு நிறுத்திக்கொண்டோம், அது போதும் என்று மருமகளும் சொன்னாள். ஆமை ஓட்டு அச்சில் அழுத்திய சிவப்புப் பலகாரம் ஒன்று கட்டாயம் வேண்டும் என்றாள். ஒட்டுகிற அரிசிமாவில் மேல்தோல், உள்ளே பயறும் சீனியும், அடியில் வாழையிலைத் துண்டு வைத்து அவிக்கிறது. ஆமை நீண்ட ஆயுளுக்கு அடையாளம். மாவையும் மர அச்சையும் தம்பி பொதியோடு சேர்த்து அனுப்பியிருந்தார். நிறத்துக்கு நான் பீற்றூட் சாறு விட்டேன். அச்சிலிருந்து தட்டி எடுத்தபோது ஆமையின் கோடுகள் அப்படியே பதிந்திருந்தன. "அம்மாட கையில வாற மாதிரியே இரிக்கி மாமி" என்று அவள் சொன்னது எனக்குப் பெரிய பாராட்டு.

ஊதுபத்தி முக்கால்வாசி எரிந்ததும் தாய் சாப்பிட்டு முடித்தாரா என்று கேட்க வேண்டும். அதற்குப் பிறைவடிவில் இரண்டு மரத்துண்டு உண்டு. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் குவிவு. சின்னப் பொதியில் அது இல்லை, குறையும் இல்லை. இரண்டு நாணயத்தை வைத்தே பல வீடுகளில் கேட்கிறார்கள். ஒன்று பூவும் ஒன்று தலையுமாய் விழுந்தால் ஆம். இரண்டும் ஒரே பக்கம் விழுந்தால் இன்னும் இல்லை. மருமகள் நம்முடைய பத்து ரூபாய்க் குற்றி இரண்டைக் கழுவித் துடைத்து, உள்ளங்கையில் பொத்தி, கண்ணை மூடிக் கேட்டுவிட்டு நிலத்தில் போட்டாள். இரண்டும் ஒரே பக்கம். அவள் முகம் வாடவில்லை. "அம்மா ஆறுதலாத்தான் சாப்பிடுவா" என்று சொல்லித் தேநீரை மாற்றி ஊற்றினாள். நாங்களும் பேசாமல் இருந்தோம். கொஞ்ச நேரம் கழித்துப் போட்டபோது ஒன்று பூ, ஒன்று தலை. அதற்குப் பிறகுதான் பெட்டகத்தைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினோம்.

எரிக்கிற தொட்டியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பினாங்கில் இதற்கென்றே துளை போட்ட தகரத் தொட்டி விற்கிறார்கள். அதை அனுப்பினால் தொட்டியை விட அனுப்புகிற செலவு கூட. இங்கே தகரவேலை செய்கிற ஒருவரிடம் பழைய எண்ணெய்ப் பரலைப் பாதியாய் வெட்டி, அடியில் சுற்றிவரத் துளை போட்டு, மூன்று கால் வைத்து, மேலே கம்பி வலையில் ஒரு மூடி செய்வித்தோம். 2,800 ரூபாய் முடிந்தது. அருமையாய் எரிகிறது. வலை மூடியை விட்டுவிடாதீர்கள். ஓகஸ்டில் கல்லடிப் பக்கம் கச்சான் காற்று பகல் முழுக்க அனலாய் அடிக்கும், எரிகிற தாள் ஒன்று பறந்தால் அடுத்த வளவுக் கிடுகு வேலிக்குத்தான் போகும். காற்று விழுந்தபிறகு, மாலை மங்கின நேரத்தில் எரியுங்கள், பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர் வையுங்கள். எரியும்போது தடியால் கிண்டக் கூடாது. நோட்டுக் கிழிந்து போய்ச் சேரும் என்பார்கள். துளை சரியாய் இருந்தால் கிண்ட வேண்டியும் வராது. தொட்டியைச் சுற்றி ஒரு வட்டம் கீறி, முடிந்ததும் தேநீரை அந்த வட்டத்தில் ஊற்றுவார்கள். அது இன்னாருக்கு உரியது என்று மற்ற ஆவிகளுக்கு எல்லை காட்டுகிறது.

மற்ற ஆவிகள் என்றேன். அவர்களுக்கும் இந்த மாதத்தில் பங்கு உண்டு, இந்தப் பொதியில் என் மனதைத் தொட்டது அதுதான். வெளியே வைக்கிற படையலுக்கென்று தனியாய் ஒரு கட்டுத் தாள் இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா. அதில் சட்டை, காற்சட்டை, சீப்பு, கத்தரிக்கோல் என்று சின்னச் சின்னப் படங்களாய் அச்சடித்திருக்கும். யாருக்கு என்று பெயர் எழுதுகிற இடம் அதில் இல்லை. சோறு வைக்க ஒருவரும் இல்லாதவர்களுக்கு அது. பிள்ளை இல்லாமல் போனவர்கள், தூர தேசத்தில் செத்தவர்கள், உடல் கிடைக்காதவர்கள். அவர்களைப் பேய் என்று சொல்ல மாட்டார்கள், நல்ல சகோதரர்கள் என்பார்கள். அவர்களை வீட்டுக்குள் கூப்பிடுவதில்லை. கேற்றுக்கு வெளியே நிலத்தில் பாய் விரித்து, தட்டுத் தட்டாய்ச் சோறு, பிஸ்கட், பழம், தண்ணீர் வைத்து, ஒவ்வொரு தட்டிலும் ஒரு ஊதுபத்தி குத்த வேண்டும். பக்கத்தில் ஒரு பேசினில் தண்ணீரும் ஒரு துவாயும் வைத்தாள். எதற்கு என்று கேட்டேன். "தூரத்தில இருந்து நடந்து வாறவங்க மாமி, முகம் கழுவாம எப்பிடிச் சாப்பிடுற?" என்றாள்.

நாங்கள் இருப்பது கல்லடியில். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமியில் இந்தக் கரையில் என்ன நடந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நாவலடியிலும் கல்லடித் திருச்செந்தூர்ப் பக்கத்திலும் குடும்பமாய்ப் போன வீடுகள் உண்டு. ஒருவர் தப்பினாலும் மாமாங்கத்தில் போய் முழுகுவார், திவசம் கொடுப்பார். ஒருவருமே மிஞ்சாத வீட்டுக்கு யார் கொடுப்பது? அதற்கு முந்திய போர்க் காலத்தில் காணாமல் போனவர்களுக்கோ, செத்த நாளே தெரியாமல் வீட்டார் திவசம் வைக்கவும் முடியாமல், வைக்காமல் இருக்கவும் முடியாமல் தவிக்கிறார்கள். இவ்வளவு காலமும் இந்த ஊரில் இருந்த எனக்கு, அவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரு பாய் விரிக்கலாம் என்று காட்டித்தந்தது கடல் தாண்டி வந்த ஒரு பிள்ளை. அன்றைக்கு நாங்கள் பாய் விரித்ததைக் கண்டு பக்கத்து வீட்டு மச்சாள் வேலியடிக்கு வந்தா. விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் நின்றுவிட்டு, "மச்சாள், நானும் ஒரு தட்டு வெக்கட்டா?" என்று கேட்டா. பிட்டும் வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்தா. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. 2025 இல் பாய்க்கு இன்னும் சில வீட்டுத் தட்டுகள் வந்தன. உள்ளே அம்மாவுக்கு வைத்ததை வீட்டார் எல்லாரும் இருந்து சாப்பிட்டோம். வெளியே வைத்ததைச் சாப்பிடுவது மருமகள் வீட்டு வழக்கமில்லை. நாய்க்கும் காகத்துக்கும் விட்டோம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். தங்கத்தாளில் ஒரு பகுதி நல்ல தகடு இல்லை, பிளாஸ்ரிக் மினுக்கம். எரியாமல் சுருண்டு, மூக்கைத் துளைக்கிற நாற்றம் விட்டது. குழந்தையை உள்ளே கொண்டுபோகச் சொன்னேன். 38 ரிங்கிட் வாங்குகிற கடை இதைச் செய்யக் கூடாது, அதுவும் படையலுக்கு. அடுத்த முறை ஓடர் பண்ணும்போது தகடு ஒட்டிய பழைய மாதிரித் தாள்தான் வேண்டும் என்று எழுதி அனுப்பினோம், அதையே தந்தார்கள். ஆகவே கேட்டால் இருக்கிறது. நீங்களும் முதலே கேளுங்கள். ஊதுபத்தியில் சந்தன வாசனை போதாது, செண்டு தூக்கலாய் இருக்கிறது. பார்சல் வழியில் ஒருமுறை பிரிக்கப்பட்டுத் திரும்ப ஒட்டி வந்தது, நோட்டுக் கட்டைக் கண்டு சோதித்திருப்பார்கள் போல. ஊதுபத்திப் பெட்டி நொறுங்கிப் போயிருந்தது. விவரச் சீட்டில் இவை கடதாசிப் படையல் சாமான்கள் என்று தெளிவாய் எழுதச் சொல்லுங்கள். பொதிக்குள் இருக்கிற விளக்கத் தாள் சீன எழுத்தில் மட்டும்தான், அந்த மொழி வாசிக்கத் தெரிந்தவர் வீட்டில் இல்லாவிட்டால் எது உள்ளே, எது வெளியே என்று பிரிக்கவே முடியாது. பிழையாய் வைத்தால் அம்மாவுக்குரியது தெருவுக்குப் போய்விடும். கடைக்காரர் இரண்டு கட்டையும் வேறு நிறத்தில் சுற்றியாவது அனுப்பலாம்.

மொத்தத்தில் சின்னப் பொதிக்கு 5 இல் 4. பெரியதற்கு 2 க்கு மேல் வராது.

நாளைப் பற்றி ஒன்று. நம்முடைய கலண்டரில் பௌர்ணமி எப்போது என்று பார்த்து நாள் குறிக்காதீர்கள், ஒரு நாள் தவறலாம். 2024 இல் சீனருடைய பதினைந்தாம் நாள் ஓகஸ்ட் 18, இங்கே பௌர்ணமி விடுமுறையான போயா 19. 2025 இல் அது செப்டெம்பர் 6, போயா 7. ஆடி அமாவாசையை வைத்தும் கணக்குப் பார்க்க முடியாது. 2025 இல் அவர்களுக்கு ஆறாம் மாதம் இரண்டு முறை வந்ததால், நமக்கு அமாவாசை ஜூலை 24 இல் முடிந்து, அவர்களுக்கு ஏழாம் மாதம் ஓகஸ்ட் 23 இல்தான் பிறந்தது. பதினைந்தாம் நாளுக்குக் கொஞ்சம் முந்தியும் வைக்கலாம், பல வீடுகளில் அப்படித்தான் வைக்கிறார்கள். போயாவன்று இறைச்சிக்கடை பூட்டு, ஆகவே கோழியை முதல் நாளே எடுத்து வைத்துவிடுங்கள். 2026 இல் அந்தப் பதினைந்தாம் நாள் ஓகஸ்ட் 27. பார்சல் வந்து சேரவும், வெள்ளித்தாளை ஆறுதலாய் இருந்து மடிக்கவும் நாள் வேண்டும். ஜூன் மாதம் முடிவதற்குள் ஓடர் போட்டுவிடுங்கள். பெட்டகத்தோடு முத்திரைத் தாள் இரண்டும் வருகிறதா என்று எழுதிக் கேட்டு, பதில் வந்தபிறகு காசு கட்டுங்கள்.